டர்பன் தாத்தா

எட்டாவது படிக்கும் என் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலில் சார்ட் பேப்பரை விரித்துப் போட்டு மரம் வரைந்துகொண்டிருந்தான். கிளைக்குக் கிளை ஒரு கட்டம்.

"என்னடா, பரமபதமா?" என்றேன்.

"ஃபேமிலி ட்ரீப்பா. காலாண்டு லீவு ப்ராஜெக்ட்."

ப்ராஜெக்ட் என்றால் மாணவர் பெயரில் பெற்றோர் செய்வது என்பது உங்களுக்கே தெரியும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவன் பெயர், என் பெயர், என் அப்பா பெயர், தாத்தா பெயர்... நாலு கட்டமும் நாலு நிமிஷத்தில் நிரம்பின. ஐந்தாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"உங்க தாத்தாவோட அப்பா பேரு என்னப்பா?"

"டர்பன் தாத்தா."

"அது பட்டப்பேரு. நிஜப் பேரு?"

முழித்தேன். என் பான் நம்பர் தெரியும். ஆதாரின் பன்னிரண்டு இலக்கமும் மனப்பாடம். காலேஜ் நாளில் வைத்திருந்து விற்றுவிட்ட பைக்கின் நம்பர்கூட ஞாபகம் இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் பெயர் மட்டும் தெரியவில்லை.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "பொண்ணு பார்க்க வந்தப்போ எங்க பூர்வீகத்தைப் பத்தி ஒரு மணி நேரம் விசாரிச்சது இந்தக் குடும்பம்தானே?"

இப்படிப்பட்ட சமயத்தில் போன் பேசுகிற மாதிரி பால்கனிக்குப் போய்விடுவது உத்தமம். போனேன். நிஜமாகவே போன் செய்தேன், பெரியப்பாவுக்கு.

*

பெரியப்பாவுக்கு வயது 87. ஆற்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில், பூர்வீக வீட்டிலேயே இருக்கிறார். எங்கள் குடும்பத்தின் அதிகாரபூர்வ சரித்திர ஆசிரியர். மறுப்பு தெரிவிக்க வேண்டியவர்கள் எல்லோரும் காலமாகிவிட்டதால் அவர் சொல்வதுதான் சரித்திரம்.

"என் பேருதாண்டா!" என்று கத்தினார். (போனில் எப்போதும் கத்துவார். சென்னை ரொம்ப தூரம் என்று எண்ணம்.) "மூத்த பேரனுக்குத் தாத்தா பேரை வைக்கறது நம்ம வழக்கம். பேரன்னா என்ன? பெயரன்! அந்தப் பேரைத் தாங்கிட்டிருக்கறவன் நான்!"

பிறகு நாங்கள் பிறந்த நாளிலிருந்து கேட்டு வரும் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கதை இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் கொள்ளுத்தாத்தா பெரிய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார். தலையில் டர்பன் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். அதனால்தான் டர்பன் தாத்தா. துரைக்கே வலது கை. அந்தத் துரை ஒரு நாள் மூன்று பவுன் லஞ்சம் கேட்டான். கொள்ளுத்தாத்தா வேலையை அவன் மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டு ஊருக்கு வந்து நிலம் வாங்கி விவசாயம் பார்த்தார்.

என்ன உத்தியோகம் என்பது மட்டும் கல்யாணத்துக்குக் கல்யாணம் மாறும். அக்கா கல்யாணத்தில் ஹெட் கிளார்க்காக இருந்தவர், என் கல்யாணத்துக்குள் தாசில்தாராகிவிட்டார். இன்னும் இரண்டு கல்யாணம் நடந்திருந்தால் கவர்னரே ஆகியிருப்பார்.

சாட்சிக்கு ஒரு படமும் உண்டு. போட்டோ அல்ல. எழுபதுகளில் பெரியப்பா ஆர்டர் கொடுத்து, சினிமா பேனர் எழுதும் ஆர்ட்டிஸ்ட் ஒருவர் வரைந்தது. தாத்தாவை நேரில் பார்த்திராத ஆர்ட்டிஸ்டிடம் பெரியப்பா சொன்ன அடையாளங்கள் இரண்டே. ஒன்று டர்பன், இரண்டு மீசை. ஆர்ட்டிஸ்ட் தனக்குத் தெரிந்த வழியில் போனார். விளைவு, எங்கள் கொள்ளுத்தாத்தா 1959இல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் படத்து சிவாஜி சாயலில், யாரிடமோ வரி கட்ட மறுக்கும் பாவனையில், கூடத்துச் சுவரில் தொங்குகிறார்.

(இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

*

லீவில் பையனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். படத்தை செல்போனில் எடுத்து சார்ட்டில் ஒட்ட வேண்டும் என்பது திட்டம்.

கூடத்து மூலையில் பெரியத்தை உட்கார்ந்திருந்தார். அப்பாவின் மூத்த அக்கா. 89 வயது. பள்ளிக்கூடம் போனதில்லை. காது நன்றாகக் கேட்கும், ஆனால் கேட்காது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டதால் அவரிடம் யாரும் பேசுவதில்லை. பையனுக்கு அது தெரியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"பாட்டி, டர்பன் தாத்தாவை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பாக்காம இன்னா கண்ணு? எனக்குப் பத்து வயசு, அவரு போவச் சொல்ல. எனக்கு ரெண்டு தாத்தா. அம்மாவைப் பெத்தவரு ஆரணித் தாத்தா. அப்பாவைப் பெத்தவரு டர்பன் தாத்தா."

"ஆரணித் தாத்தா எங்க இருந்தார்?"

"இன்னா கேள்வி இது? ஆரணிலதான்."

பையன் ஒரு நிமிஷம் யோசித்தான்.

"அப்ப டர்பன் தாத்தா?"

கூடத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா, அது ஊர் பேருப்பா! சவுத் ஆப்பிரிக்கா! 2007 வேர்ல்டு கப்ல யுவராஜ் சிங் ஸ்டூவர்ட் பிராடை ஆறு சிக்ஸர் அடிச்சாரே, அந்த ஊரு!"

நான் சுவரில் இருந்த கட்டபொம்மனைக் காட்டி, "அத்தை, அவர் தலையில கட்டியிருக்காரே, அது பேரு என்ன?" என்று கேட்டேன்.

"தலப்பா."

"அப்ப டர்பன்னா?"

"டர்பன்னா கப்பல்ல போற ஊரு. நேட்டால் சீமை. கரும்புக் கொல்லைல வேலை. ஏன், உங்களுக்கெல்லாம் தெரியாதா?"

"நீங்க சொல்லவே இல்லையே அத்தை!"

"என்னை யாரு கேட்டீங்க?"

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி தலைப்பாகைக்கு மட்டும் இங்கிலீஷில் எப்படிப் பெயர் சொல்வார் என்று, இத்தனை படித்த குடும்பத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பெரியப்பா பி.ஏ., நான் எம்.காம். இங்கிலீஷ் தெரிந்ததுதான் எங்கள் கோளாறு.

பெரியப்பா தோல்வியை ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை. "அப்படின்னா அந்த ஊர்ல கலெக்டர் ஆபீஸ்ல இருந்திருப்பார்" என்று உத்தியோகத்தை அப்படியே கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கு மாற்றல் செய்தார்.

*

நேட்டால் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் நேட்டால் என்று ஒரு பிரிட்டிஷ் காலனி. அதன் துறைமுகம் டர்பன். கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' என்ற கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. அதில் 340 பேருக்குக் கொஞ்சம் கூட. அது ஆரம்பம். 1911இல் இந்திய அரசாங்கம் தடை போடும்வரை மொத்தம் ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேர். அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள் ஏராளம்.

ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாசம் பத்து ஷில்லிங் சம்பளம், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. இருக்க இடம், அரிசி பருப்பு இலவசம். கேட்டால் இன்றைய கம்பெனி பாண்ட் மாதிரி, ஆன்சைட் மாதிரி இருக்கும். ஒரே வித்தியாசம்: நாம் பாண்டை மீறி ஓடினால் வக்கீல் நோட்டீஸ் வரும். அவர்கள் ஓடினால் ஜெயில். முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே நடமாடினாலே பிடித்துக்கொள்வார்கள்.

அக்ரிமென்ட் என்ற வார்த்தை வடக்கத்தியர் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. போனவர்கள் 'கிர்மிட்டியா' ஆனார்கள். நம் ஆட்களுக்கு வேறு பெயர். முனுசாமி, ராமசாமி, வீராசாமி என்று சாமி சாமியாகப் போய் இறங்கியதால், வெள்ளைக்காரர்கள் எல்லா இந்தியரையும் 'சாமி' என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்கள். 'சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உன் எஜமான் இல்லையே!' என்று சிலர் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்ததாகக் காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

*

ஊர் தெரிந்துவிட்டது. ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமே?

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு சாதாரணத் தமிழனைக் காகிதத்தில் தேடுவது எவ்வளவு சிரமம் என்பது தேடினால்தான் தெரியும். பிறப்புச் சான்றிதழா? பிறப்பு இறப்புப் பதிவை நாடு முழுக்கக் கட்டாயமாக்கிய சட்டமே 1969இல்தான் வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பா? 1881இல் நாடு முழுக்க ஒரே சமயத்தில் தலைகளை எண்ணினார்கள். எண்ணிக்கை இருக்கிறது, வீடு வீடாகப் பெயர் எழுதிய தாள் இல்லை.

இதே நம்ம ஜில்லாவில் உட்கார்ந்திருந்த துரையைத் தேடிப்பாருங்கள். ஞானஸ்நானம் என்றைக்கு, கல்யாணம் எந்தச் சர்ச்சில், அடக்கம் எங்கே, எல்லாம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்து இந்தியா ஆபீஸ் பதிவேடுகளில் வரிசையாக இருக்கின்றன. மெட்ராஸ் பதிவுகள் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே உண்டு. துரையின் கொள்ளுப்பேரன் ஒரு மழைக்கால மாலையில் டீ குடித்துக்கொண்டே தன் வம்சத்தைப் பிடித்துவிடலாம். துரைக்கு டீ போட்டுக் கொடுத்தவரின் கொள்ளுப்பேரன் அல்லாட வேண்டியதுதான்.

ஆனால் ஒரு விசித்திரம். ஊரிலேயே இருந்தவனுக்குத்தான் காகிதம் இல்லை. கப்பலில் கூலியாகப் போனவனுக்கு இருக்கிறது!

நேட்டால் அரசாங்கம், வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பேரேட்டில் எழுதியது. பெயர், தகப்பனார் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஜாதி, ஜில்லா, ஊர், உயரம், அங்க அடையாளம். பாசத்தால் எழுதவில்லை. காசு கொடுத்து வரவழைத்த சரக்கு காணாமல் போனால் கண்டுபிடிக்க வேண்டும், அதற்காக. அந்தப் பேரேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் கப்பல் பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியும் வைத்திருக்கிறது.

தேடினேன். பெரியப்பா பெயர் ரொம்பப் பொதுவான பெயர். இங்கிலீஷ்காரன் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெயருக்கு ஐந்தாறு எழுத்துக் கூட்டல் வேறு. மூன்று ராத்திரி கண் வீங்கியதுதான் மிச்சம். வயது ஒத்துவந்தால் ஜில்லா ஒத்துவராது. எல்லாம் ஒத்துவந்தால் அது பெண் பெயராக இருக்கும்.

தகப்பனார் பெயர் தெரிந்தால்தான் ஆகும். அதாவது பையனின் மரத்தில் ஆறாவது கட்டம். கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா எள்ளுத்தாத்தா. அதற்கும் மேலே போக நம்மிடம் தானியம் இல்லை.

மறுபடி ஊருக்கு. மறுபடி பெரியத்தை. (இந்த முறை கேட்டேன்.)

"பேரு தெரியாது. பெட்டில பத்திரம் இருக்கு, பாரு."

டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய பட்டுப்புடவைக்குக் கீழே, மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன ஒரு கிரயப் பத்திரம். 1904. பத்திரம் எழுதுகிறவர்கள் இன்றைக்கும் விடாத ஒரு நல்ல பழக்கம் உண்டு. பெயரை மொட்டையாக எழுத மாட்டார்கள். 'இன்னார் குமாரர் இன்னார்.' குமாரருக்கு முன்னால் இருந்தார் என் எள்ளுத்தாத்தா. நூற்றிருபது வருஷமாகப் புடவைக்கு அடியில்.

அன்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு அந்த ஒற்றை வரி கிடைத்தது.

சென்னையில் ஏறியது 1898. ஐந்து இலக்க எண். பெயர், தகப்பனார் பெயர், ஜில்லா, எங்கள் ஊர், எல்லாம் சரி. வயது 22. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். (கட்டபொம்மன் பாதி இறங்கிவிட்டார்.) வேலை செய்த இடம், ஒரு கரும்புத் தோட்டம். 1903இல் திரும்பிப் போனதாக ஒரு குறிப்பு. கடைசியில் அங்க அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்' என்று எழுதியிருப்பார்களே, அது மாதிரிதான். ஆனால் அந்தத் தழும்பைப் படித்தபோது ஏனோ எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதுவரை வெறும் ஆயில் பெயின்டாக இருந்த ஒருவர், முழங்கால் உள்ள மனிதராகிவிட்டார்.

*

பெரியத்தையிடம் நான் தழும்பைப் பற்றிச் சொல்லவில்லை. பொதுவாகத்தான் கேட்டேன். "அத்தை, தாத்தா உடம்புல ஏதாவது அடையாளம் ஞாபகம் இருக்கா?"

அத்தை தன் இடது காலை நீட்டி, முட்டிக்குக் கீழே விரலை வைத்துக் கோடு இழுத்தார்.

"இங்கேந்து இதுவரிக்கும். சின்ன வயசுல ஏர்க்கொழு கிழிச்சதாம். நான் மடில உக்காந்துகினு தடவிப் பாப்பேன். மழமழன்னு இருக்கும்."

காகிதத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை.

"அதைக்கூடவா எழுதி வெச்சிருக்கான்?" என்றார்.

பெரியப்பா என்னிடமிருந்து காகிதத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். தன் பெயர். பக்கத்தில் ஓர் எண். மேலே, இங்கிலீஷில், 'கூலி' என்ற வார்த்தை. 87 வருஷமாக அவர் சுமந்த பெயர்.

"கூலியாடா?" என்றார். கத்தவில்லை. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்குக் கஷ்டமாக இருந்தது. தேடாமலே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. ஒரு பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்காக ஒரு கிழவரின் தாத்தாவை வேலையை விட்டுத் தூக்கிவிட்டேனே!

"அப்ப அந்த மூணு பவுன்?" என்றார் பெரியப்பா, கடைசித் துரும்பைப் பிடித்துக்கொண்டு.

அத்தைதான் பதில் சொன்னார். "தலைக்கு மூணு பவுன் கட்டுன்னானாம். அதான் வந்துட்டேன்னு சொல்வாரு."

எனக்கு அது புரிந்தது, படித்திருந்தேன். நேட்டால் அரசாங்கம் 1895இல் ஒரு சட்டம் போட்டது. அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் வருகிறவர்கள் ஐந்து வருஷம் முடிந்ததும் ஊரைப் பார்த்துப் போக வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் இல்லாமல் சுதந்திரமாக அங்கேயே வாழ ஆசைப்பட்டால் வருஷத்துக்கு மூன்று பவுன் தலைவரி. நகைக்கடைப் பவுன் இல்லை, இங்கிலீஷ் பவுண்டு. மாசம் பத்து ஷில்லிங் கூலி வாங்குகிறவனுக்கு அது ஆறு மாசச் சம்பளம். வேலைக்கு ஆள் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரனாக வேண்டாம் என்பதுதான் அதன் அர்த்தம். அந்த வரியை எதிர்த்துத்தான் 1913இல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து காந்தியின் பின்னால் நடந்தார்கள். 1914இல் வரி ஒழிந்தது.

அதற்குப் பதினோரு வருஷம் முன்னால், என் கொள்ளுத்தாத்தா தனி ஆளாக, அந்த வரியைக் கட்ட மாட்டேன் என்று கப்பலேறிவிட்டார். (கட்ட முடியாமல் என்றும் வைத்துக்கொள்ளலாம். பெரியப்பா முன்னால் 'மாட்டேன்' என்றுதான் சொன்னேன்.)

பேனர் ஆர்ட்டிஸ்ட் தன்னையறியாமல் சரியாகத்தான் வரைந்திருக்கிறார்.

*

பெரியப்பா திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். அத்தை என்னிடம் சொல்வது மாதிரி அவருக்குச் சொன்னார்.

"பொழுது சாயறதுக்குள்ள ஆளுங்களுக்குக் கூலியைக் கைல குடுத்துடணும். நாளைக்கு வான்னு சொல்லக் கூடாது. தாத்தா கண்டிசன் அது. ஒரு வாட்டி எங்கப்பா குடுக்காம வந்துட்டாருன்னு, ராத்திரி லாந்தரை எடுத்துகினு அவரே போயி குடுத்துட்டு வந்தாரு."

பெரியப்பா நிமிர்ந்தார். ஏனென்றால் அந்தப் பழக்கம் அவருக்கும் உண்டு. களத்து ஆளாகட்டும், வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவராகட்டும், ஐந்தரை மணிக்குப் பணத்தை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். 'ஆபீசர் வம்சம்டா, பாக்கி வைக்க மாட்டோம்' என்பார். பழக்கம் வந்தது ஆபீசரிடமிருந்து இல்லை, கூலி வாங்கிய கையிலிருந்து என்பது அன்றைக்குத்தான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

சாயங்காலம் பெரியப்பா கூடத்துக்கு வந்து, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதைக் கழட்டிடலாமாடா? தலைப்பாவும் அதுவுமா... பொய்யா இல்ல இருக்கு?"

"வேண்டாம் பெரியப்பா" என்றேன். ஒரு சம்பவம் சொன்னேன். இதுவும் காந்தி எழுதியதுதான். 1894இல் டர்பனில் அவருடைய ஆபீசுக்கு பாலசுந்தரம் என்று ஒரு தமிழ்க் கூலி வந்தார். எஜமான் அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம். அழுதுகொண்டு நின்றவர், தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். வெள்ளைக்காரன் முன்னால் போனால் தலையில் கட்டியிருப்பதை எடுத்துவிட வேண்டும் என்று அங்கே பழக்கியிருந்தார்கள். காந்தி முன்னாலும் அதே பயம். காந்திக்கு மனசு வலித்துவிட்டது. முதலில் அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். பாலசுந்தரம் தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டார், ஆனால் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது என்கிறார்.

"நம்ம தாத்தாவும் அங்க அஞ்சு வருஷம் இருந்தவர்தான். அங்கே கழட்டச் சொன்னாங்க. நம்ம வீட்லயாவது தலையிலேயே இருக்கட்டும்."

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. துண்டால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். தலைப்பாகை இருந்த இடத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் துடைத்தார்.

*

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு 'மொரீசுத் தாத்தா', 'பினாங்குப் பாட்டி', 'ரங்கூன் மாமா', 'கண்டிச் சித்தப்பா' இருக்கலாம். கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் மூன்று வேலை செய்யுங்கள். வீட்டில் ரொம்ப வயதானவர் யாரோ, அவரிடம் போய் உட்காருங்கள். அவர் சொல்லும் வார்த்தையைத் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பழைய பத்திரத்தில் 'குமாரர்' என்ற வார்த்தைக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். காப்பகங்கள் நாளைக்கும் திறந்திருக்கும். பெரியத்தைகள் அப்படி இல்லை.

ப்ராஜெக்ட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பையன் ஐந்தாவது கட்டத்தில் பெயரை எழுதி, அதன் கீழே இங்கிலீஷில் 'டர்பன் தாத்தா, கரும்புத் தோட்டத் தொழிலாளி, 1898 - 1903' என்று எழுதிக் கொடுத்தான். பத்துக்கு ஒன்பது மார்க்.

ஒரு மார்க் ஏன் போயிற்று என்று பார்த்தேன். டீச்சர் 'டர்பன்' என்ற வார்த்தையைச் சிவப்பு மையால் சுழித்து, முதல் எழுத்தான 'டி'யை அடித்து 'டீ' போட்டு, 'ஸ்பெல்லிங்!' என்று எழுதியிருந்தார்.

பையனுக்கு மகா கோபம். "நாளைக்கே போய் சண்டை போடுங்கப்பா!"

"போனாப் போகுது விடுடா" என்றேன். "அதுவும் அவருக்குச் சேர வேண்டியதுதான்."